இருநூற்றுப் பதினாலு மரமும் ஒரு பூட்டும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. 1997-ஆம் வருஷம், ஹவாயில், எரிமலைக்குக் கீழே இருந்த ஒரு பனைத் தோட்டத்தில் நின்றுகொண்டு டெலிபோனில் இரண்டு வார்த்தை சொன்னேன்: “யாரும் வரலை.” அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு காகிதமும்.

நான் எழுத்தாளன் அல்ல. பெயர் மயில்சாமி, வயசு எழுபத்தொன்று. படிப்பு அஞ்சாவது, அதையும் முடிக்கவில்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருந்தவன். சம்சாரம் நாகமணி போன பிறகு, மகன் நெடுஞ்செழியன் கூட்டிவந்து பிளசன்டனில் வைத்திருக்கிறான். எட்டு வருஷம் ஆகிறது. இங்கே எனக்கு உள்ள வேலை, காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவதும் சாயங்காலம் அதை உள்ளே இழுப்பதும். அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான்.

பக்கத்து ஊர் டப்ளினில் கஸ்தூரிரங்கன் என்று ஒரு பையன் மூணு மாசத்துக்கு ஒருமுறை தமிழில் ஒரு பத்திரிகை போடுகிறான். கார் நிறுத்துகிற ஷெட்டுதான் ஆபீஸ். “அங்கிள், உங்க லைஃப்ல நடந்தது ஏதாவது எழுதிக் குடுங்க. நாங்க எடிட் பண்ணிக்கறோம்” என்றான். எடிட் என்றால் என்ன என்று மருமகள் யாமினியைக் கேட்டேன். வெட்டுவது என்றாள். அதனால் இதைக் கதையோடு சேர்த்தே எழுதிவிடுகிறேன்: தம்பி, நான் அடித்த இடங்களை அடித்தபடியே போடு. எனக்கு உன்மேல் நம்பிக்கை இல்லை. என்மேலும் இல்லை. அடித்ததைப் பார்த்தால் படிக்கிறவனுக்கு யார் எங்கே நழுவினான் என்று தெரியும்.

2

முதல் ஆரம்பம் இப்படி எழுதினேன்:

“அன்று எரிமலை வெடித்தது. வானமெங்கும் தீப்பிழம்பு. பாறைகள் மழையாகப் பொழி

இதோடு விட்டேன். அந்த மலை வெடிக்கிற மலை அல்ல, ஒழுகுகிற மலை. வெல்லப்பாகு கொதிக்கும்போது அண்டாவின் ஒரு பக்கமாக வழியும் பாருங்கள், அந்த மாதிரி. பதினாலு வருஷமாக விடாமல் வழிந்துகொண்டிருந்தது. சில மாசம் இந்தப் பக்கம், சில மாசம் அந்தப் பக்கம். பொடிநடையாகப் போகிற கிழவன்கூட அதற்கு முன்னால் போய்விடலாம். கஸ்தூரிரங்கனுக்கு இது பிடிக்கவில்லை.

“வால்கேனோன்னா ஒரு எக்ஸ்ப்ளோஷன் வேணும் அங்கிள். ரீடர்ஸ் எக்ஸ்பெக்ட் பண்ணுவாங்க.”

“எந்த ரீடர் எரிமலையப் பாத்திருக்கான்?”

“டிவில பாத்திருப்பாங்கல்ல?”

“அப்ப டிவிலயே பாத்துக்கச் சொல்லு.”

இரண்டாவது ஆரம்பம் ஒரே வரி: “செல்வராஜ் என்ற முட்டாள் எரிமலைக்கு அடியில் தோட்டம் போட்டான்.” இது மூணு நாள் காகிதத்தில் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கே சுகமாக இருந்தது. செல்வராஜ் முட்டாளாகிவிட்டால் நடந்ததெல்லாம் அவனுடைய பிழையாகிவிடும். நான் சும்மா பக்கத்தில் நின்றவன் ஆகிவிடுவேன். நாலாம் நாள் அடித்தேன்.

3

செல்வராஜ் நாகமணியின் தம்பி, என் மைத்துனன். என்னைவிட ஒன்பது வயசு சின்னவன். ஹூஸ்டனில் ஒரு பைப் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. பக்கத்துப் பேர்லேண்டில், மீனாட்சி கோயிலிலிருந்து கார் கிளப்பிப் பத்து நிமிஷத்தில் வீடு. தொண்ணூற்றொன்றில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவனையும் வீட்டுக்கு அனுப்பியது. வேறு ஆளாயிருந்தால் மனசு விட்டுப்போயிருப்பான். இவன் ஹவாயின் பெரிய தீவில் மூணு ஏக்கர் வாங்கினான்.

அந்தத் தீவில் எந்த இடத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று சர்க்கார் நம்பர் போட்டு வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஒன்றாம் நம்பர்தான் படுமோசம். இவனுடையது ஒன்றாம் நம்பர். பேங்க் கடன் தராது, இன்சூரன்ஸ்காரன் கிட்டவே வரமாட்டான். அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது.

அவன் சம்சாரம் வசந்தாமணி பேர்லேண்டைவிட்டு அசையவில்லை. எனக்குப் போன் போட்டாள். “நெருப்புக்குப் பக்கத்துல குடியிருக்க நானென்ன அம்மனாங்ண்ணா? நீங்களாச்சும் சொல்லுங்க அந்த மனுசனுக்கு.”

சொன்னேன். கேட்கவில்லை. ஆறு வருஷம் அங்கேயே கிடந்தான், நடுநடுவே பேர்லேண்டுக்கு வந்துபோய்க்கொண்டு. தொண்ணூற்றேழு ஜூனில் டிக்கெட் அனுப்பினான். “ஒருக்கா வந்து பாருங்க மச்சான். நீங்க பாத்து நல்லாருக்குன்னு சொன்னீங்கன்னா போதுமுங்.”

(இந்த இடத்தில் தோட்டத்தை வர்ணிக்க வேண்டுமாம். ‘பசுமைக் கடலென’ என்று எழுதி அடித்துவிட்டேன். கடல் அங்கே நிஜமாகவே இருந்தது, இரண்டு மைலில். தோட்டத்துக்கு அந்தப் பெயர் எதற்கு?)

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தரை முழுக்கக் கறுப்புப் பாறை. கையளவு மண் கிடையாது. தினமும் மழை. நாலு மரக்கால் நட்டு அதன்மேல் பலகை வீடு, தகரக் கூரை. கூரைத் தண்ணீர்தான் தொட்டியில் விழுந்து குடிக்க, குளிக்க எல்லாம். போன் இருந்தது, கரண்ட் இல்லை. மலைப்புகையில் ஆணி ஆறு மாசத்தில் துருவேறிப்போகும். அந்தப் பாறையில், பாறையைப் பிளந்துகொண்டு வந்த மாதிரி, பனை சாதி அத்தனையும் நின்றது. தென்னை, கமுகு, கூந்தல்பனை, நம் ஊர்ப் பனை, தண்டு சிவந்தது, அடி பெருத்துக் குடம்போல இருப்பது, இலைக்கு அடிப்பக்கம் வெள்ளி பூசினது. இருநூற்றுப் பதினாலு மரம் என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு.

“குழி எங்க மாப்ள?” என்றேன்.

“குழி எதுக்குங் மச்சான்? கடப்பாரைல நாலு குத்து, ஒரு பக்கெட் கரிமண்ணு, அவ்வளவுதான். மீதிய வேரு பாத்துக்கும்.”

“மூணடிக்கு மூணடி குழி. அடியில மணலு, ரெண்டு கை உப்பு. இதில்லாம தென்னை வெச்சவன் எங்க வம்சத்துலயே இல்ல.”

“பாறைல வெச்சவனும் உங்க வம்சத்துல இல்லீங்ளே.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் மகன் வயசில் இருந்த தென்னை ஒன்று அடிமுதல் நுனிவரை ஒரு குறையில்லாமல் நின்றுகொண்டிருந்தால் சிரித்திருப்பேனோ என்னவோ. அங்கே இருந்ததெல்லாம் ஆறு வயசு. ஆறு வயசில் எதுவும் நல்லாத்தான் தெரியும் என்றேன்.

நடுவில் ஒரு தாளிப்பனை வைத்திருந்தான். ஒன்றரை ஆள் உயரம், ஒரே ஓலையில் குடும்பமே ஒதுங்கலாம். அதோட ஜோடிக் கன்று ஒன்று கேட்டுக்கு வெளியே, தபால் பெட்டிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு. தாளி நாற்பது ஐம்பது வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை பூக்கும். பூத்துக் காய்த்தால் செத்துப்போகும்.

“அப்ப உனக்கு நூறு வயசு இருக்கும்” என்றேன்.

“நாம் பாக்கோணும்னு யாருங் சொன்னா? அது பூத்தாச் செரி.”

பிறகு, என்னைப் பார்க்காமல், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “இங்கயே இருந்துக்குங்க மச்சான். பிளசன்டன்ல குப்பைத் தொட்டிதான தள்றீங்க. இங்க தள்றதுக்கு நெறைய இருக்குது.”

பார்க்கலாம் என்றேன். உள்ளுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை. ஒருத்தன் ஆசையாகக் கேட்டால் உடனே சரி என்று சொல்லக்கூடாது என்பது என் பழக்கம்.

4

ஜூலையில் வசந்தாமணிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன். செல்வராஜ் பன்னிரண்டு நாளில் திரும்பி வருகிறேன் என்று கிளம்பினான். அப்போது நெருப்புக்குழம்பு நாலு மைல் மேலே நின்றுபோயிருந்தது. வரலாம், வராமலும் போகலாம் என்று சர்க்கார் ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“தோட்டத்தப் பாத்துக்குங்க. ஏதாச்சும்னா போன் போடுங்க. அக்கம்பக்கம் எல்லாம் நல்ல ஜனமுங்.”

நல்ல ஜனம் என்று யாராவது சொன்னால் நான் பூட்டு எங்கே என்று தேடுவேன். கேட்டுக்கு ஒரு சங்கிலி கிடந்தது. பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு நீல வண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஒரு கதவு மட்டும் வெள்ளை. வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது. பின்னாலேயே சின்னதாகத் தோண்டுகிற மிஷின் ஒன்றும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். அந்தத் தீவுக்காரன்தான். அறுபது வயசு இருக்கும், பெரிய உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. மலையைக் காட்டினான். கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினான். மரங்களைக் காட்டினான். வண்டியைக் காட்டினான். தெற்கே தூரத்தில் காட்டினான். பிறகு சங்கிலியைத் தொட்டு, ‘திற’ என்பதுபோல.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் புரியாமல் இல்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: ஆபத்து வருகிறது என்று சொல்லி மரத்தை எடுத்துப்போக வந்திருக்கிறான்.

இப்படி ஒருத்தனை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் எங்கள் ஊருக்கு ஒரு யாவாரி வந்தான். ஆழியாறு வாய்க்காலில் இந்த வருஷம் தண்ணீர் விடமாட்டார்கள், தோப்பு காயப்போகிறது, இப்போதே குத்தகைக்கு விட்டுவிடு என்றான். முகத்தில் அவ்வளவு கவலை. விட்டேன். பதினெட்டாம் நாள் வாய்க்கால் நிறைய தண்ணீர். அந்த வருஷம் முழுக்க என் மரத்துக் காயை அவன் ஆள் இறக்குவதைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குத் தீர்மானம் செய்தேன், கவலைப்பட்டுக்கொண்டு வருகிறவனுக்குக் கதவைத் திறக்கக்கூடாது என்று.

தவிர, எங்கள் பக்கம் எவனும் ஒரு வயசுக்கு மேற்பட்ட தென்னங்கன்றைப் பெயர்த்து நடமாட்டான். நட்டால் விளங்காது. ஆறு வயசு மரத்தைப் பெயர்க்கிறேன் என்று வருகிறவன் ஒன்று திருடன், இல்லை விஷயம் தெரியாதவன். கையை ஆட்டிப் போ என்றேன்.

புதன்கிழமை மறுபடி வந்தான். இந்தத் தடவை ஒரு காகிதம். மலை, அம்பு, கட்டம் கட்டமாக நிலம், அதற்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ். கையெழுத்துக் கேட்கிறான் என்று நினைத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து, போன், போன் என்றான். செல்வராஜுக்குப் போன் போடச் சொல்கிறான். புரியாததுபோல நின்றேன்.

அன்று சாயங்காலம் செல்வராஜே கூப்பிட்டான். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

“மச்சான், மேல மறுபடி கசியுதுன்னு நியூஸ்ல சொல்றாங். அங்க யாராச்சும் வந்தாங்ளா?”

அப்போதுதான் சொன்னேன். “யாரும் வரலை.”

ஏன் சொன்னேன்? நீல வண்டிக்காரன் வந்தான் என்று சொன்னால் இவன் ‘தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க’ என்பான். இவன் மனசு அப்படி. இவனுடைய நல்ல குணத்திலிருந்து இவன் தோட்டத்தை நான் காப்பாற்றினேன். அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமையும் வந்தான். கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் சர்க்கார் ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொண்டது. கிளம்பும்போது கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். ஜீப்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மலையே இறங்கி வருகிறது, இந்தக் கிழவன் பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கிறான்.

5

செல்வராஜ் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தான். தடுப்புப் போட்டிருந்த இடத்தில், ரோட்டின் மேல் இரண்டு பேரும் நின்றோம்.

அது அவசரமே படவில்லை. மேலே கறுத்த ஆடை, உள்ளே சிவப்பு. ஒரு மரத்தடிக்கு வந்ததும் சுற்றிக்கொண்டு நிற்கும். தண்ணீர் சுண்டுகிற சத்தம் கேட்கும். ஓலை முழுக்கப் பச்சையாகவே இருக்கும். அப்புறம் ஒரே மூச்சில் அடியிலிருந்து நுனிவரை பற்றி, மரம் மெதுவாக அதன்மேலேயே சாயும். அடுத்த மரம். வரிசையில் நிற்க வைத்த மாதிரி.

செல்வராஜ் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தான். சத்தமில்லாமல், வாயசைப்பு மட்டும். பெரிய தாளி சாய்ந்தபோது நிறுத்திவிட்டான்.

“பத்து நாப்பது மரமாச்சும் எடுத்திருக்கலாமுங் மச்சான்,” என்றான். “வண்டி மிஷினோட ஒருத்தர் வந்திருந்தா.”

நான் அடுத்துச் சாயப்போகிற மரத்தைப் பார்த்தேன்.

“யாருமே வரலீங்ளா?”

“வரலை.”

(இது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னதுக்காவது ஒரு காரணம் வைத்திருந்தேன்.)

6

பிளசன்டனுக்குத் திரும்பி ஒரு மாசம் கழித்து, துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அந்தக் காகிதத்தை யாமினி எடுத்தாள். நெடுஞ்செழியனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

“ரெண்டு மூணு நாள்ல வந்துரும்னு சொல்றாங்க. என் இடம் எட்டு மைல் தள்ளி இருக்கு, அங்க வராது. ராஜ் திரும்பி வர்ற வரைக்கும் மரங்கள அங்க வெச்சுக்கறேன். காசு வேண்டாம். கீழ கலானின்னு கையெழுத்து. இதான்ப்பா எழுதியிருக்கு. யாருப்பா இது?”

“தெரியல,” என்றேன்.

அப்போதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்! கதை இங்கே முடியலாம். ஒரு படிக்காத கிழவன், பாஷை தெரியாமல், நல்ல மனுஷனைத் திருடன் என்று நினைத்துவிட்டான். பாவம். இதைத்தான் கஸ்தூரிரங்கனுக்கு முதலில் அனுப்பினேன். போனில் அழுகிற மாதிரியே பேசினான். “ரொம்ப டச்சிங்கா இருக்கு அங்கிள். லாங்வேஜ் பேரியர்னு டைட்டில் வெச்சுரலாமா?”

அவன் அப்படிச் சொன்னதும் வேண்டாம் என்றேன். காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

7

நாலாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. கவனித்தீர்களா? கவனித்திருக்கமாட்டீர்கள். நான் ஒரு கைதேர்ந்த பொய்க்காரன். நம்புகிற மாதிரி இருக்க, முன்னால் பத்து உண்மை சொல்லிவிட்டுத்தான் ஒன்றை நுழைப்பேன்.

“வியாழக்கிழமையும் வந்தான். கொஞ்ச நேரம் நின்றான். போய்விட்டான்.” இந்த வரி. ஒரு நாளை மூணு வாக்கியத்தில் முடித்தேனே, அதற்குள் இருந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை அவன் தனியாக வந்தான். மிஷின் இல்லை. சங்கிலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. வண்டியிலிருந்து ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குப் போனான். அங்கே நின்ற தாளிக் கன்றைச் சுற்றி மண்வாரியை நாலு பக்கம் சொருகினான். பிறகு குனிந்து இரண்டு கையாலும் தூக்கினான்.

பாய் மாதிரி வந்தது. வேர் ஒன்றுகூட அறவில்லை. கீழே ஆழமில்லை, பாறைமேல் படர்ந்திருந்த வேர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, கரிமண்ணைப் பிடித்துக்கொண்டு, சுருட்டி வைக்கிற கோரைப்பாய் மாதிரி எழுந்து வந்தது. அவன் அதை உயர்த்தி என் பக்கம் காட்டினான். திருட வந்தவன் திருடுவதை இப்படி எடுத்துக் காட்டுவானா?

அம்பது வருஷம் மரத்தோடு இருந்தவன் நான். அந்த வேரைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. இந்த மண்ணில் மரம் பெயர்ந்து வரும். மூணடிக் குழி இங்கே இல்லை, அதனால் என் கணக்கும் இங்கே இல்லை. இவன் யாவாரி அல்ல. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மிஷினைக் கொண்டுவந்தால் நாளைக்கு இருபது, அதற்கடுத்த நாள் இருபது. நடுவில் நிற்கிற பெரிய தாளியும் போய்விடலாம்.

சாவி என் இடுப்பில் இருந்தது. கை அதன்மேல்தான் இருந்தது.

கேட்டைத் திறந்தால் செல்வராஜிடம் சொல்ல வேண்டும். வந்தான், மூணு நாளாக வந்தான், நேற்று உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஒன்பது வயசு சின்னவன். உங்க வம்சத்துல இல்லீங்ளே என்று சிரித்தவன். அவன்தான் சரி, நான் தப்பு என்று அவனிடமே

(இந்த வாக்கியத்தை ஆறு தடவை முடித்துப் பார்த்தேன். ஆறும் எனக்குச் சாதகமாகவே முடிந்தது. அப்படியே விடுகிறேன்.)

முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மத்தியானம் போன் அடித்தது. செல்வராஜைத் தவிர அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். பதினாலு தடவை அடித்து நின்றது. எண்ணினேன்.

ஆகையால் தம்பி கஸ்தூரிரங்கா, பாஷைமேல் பழி போடாதே. பாஷை ஒரு தப்பும் செய்யவில்லை.

8

செல்வராஜ் பேர்லேண்டுக்கே போய்விட்டான். தீபாவளி, பொங்கலுக்குப் போனில் கூப்பிடுவான். மழை, முழங்கால் வலி, நெடுஞ்செழியன் வேலை, இவ்வளவுதான். தோட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. வசந்தாமணி ஒருநாள் தனியாகக் கூப்பிட்டாள்.

“கொல்லைல இவ்வளவு எடங் கெடக்குது, ஒரு கறிவேப்பிலைக் குச்சிகூட நடமாட்டேங்கறாருங்ண்ணா. புல்லை மட்டும் வெட்டறாரு. வெட்டுனதையே வெட்டறாரு. அங்க இருந்தப்பவாச்சும் போன்ல கத்திச் சண்ட போடுவாரு. இப்ப அதுவுங் கெடையாது. நீங்க கூட இருந்தீங்ளே, அங்க என்னுங் நடந்துச்சு?”

நெருப்பு வந்துச்சு என்றேன்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு கவர் வந்தது. கடிதம் இல்லை, ஒரு போட்டோ மட்டும். யாரோ ஒருவருடைய இடம், கறுப்புத் தரை. நடுவில் ஒரு தாளி, நெஞ்சு உயரம், நாலு ஓலை விரித்திருந்தது. அதற்குப் பின்னால், பாதிதான் படத்தில் விழுந்திருந்தது, ஒரு நீல வண்டி. ஒரு கதவு வெள்ளை.

பின்பக்கம் செல்வராஜின் கையெழுத்து: “உசுரோட இருக்குது.”

போட்டோவைப் பாஸ்போர்ட் வைக்கிற பெட்டியில் போட்டு மூடினேன். இரண்டு வருஷமாக அதைத் திறக்கவில்லை. செல்வராஜ் அங்கே போயிருக்கிறான். கலானியைப் பார்த்திருக்கிறான். இந்தக் கன்று எப்படி வந்தது என்று கேட்டிருக்கமாட்டானா? அவர் சொல்லியிருக்கமாட்டாரா, மூணு நாள் வந்தேன், உள்ளே ஒரு கிழவர் இருந்தார், கேட்டில் பூட்டு இருந்தது என்று?

எல்லாம் தெரிந்துதான் அனுப்பினானா? தெரிந்து, நீயாகச் சொல் என்று காத்திருக்கிறானா? இல்லை, ஒன்றும் தெரியாமல், மச்சானுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அனுப்பினானா? எனக்கு இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது.

9

முடிவு.

ஒரு முடிவு எழுதினேன். பேர்லேண்டுக்குப் போகிறேன். செல்வராஜ் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். சொல்கிறேன். மிஷினை நிறுத்திவிட்டு, “அப்பவே தெரியுமுங் மச்சான்” என்று சிரிக்கிறான். வசந்தாமணி காப்பி கொண்டுவருகிறாள். எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததால் சந்தேகம் வந்தது. என் சௌகரியத்துக்காக அவனைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கிழித்தேன்.

இன்னொன்றில் அவன் வாயே திறக்காமல் மறுபடி புல் வெட்டப் போய்விடுகிறான். அதுவும் என் சௌகரியம்தான். தண்டனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் அல்லவா?

மூணாவதில் கலானி வந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, எழுதவே வரவில்லை. நாலு வரி எழுதிக் கையில் கொடுத்த மனுஷனுக்கு நான் ஒரு வரிகூடத் திருப்பி எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தக் கதையில் செல்வராஜ் பேசினதெல்லாம் நான் எழுதியது. முக்கால்வாசி அவன் சொன்னபடியே இருக்கும்; கால்வாசி என் கை போயிருக்கும். இதற்கு மேல் அவனுக்காக ஒரு வார்த்தை எழுத எனக்கு உரிமை இல்லை. போன தடவை அவன் தீர்மானிக்க வேண்டியதை நான் தீர்மானித்ததில் இருநூற்றுப் பதினாலில் ஒன்று கழித்து மீதி எல்லாம் போனது.

பத்திரிகை பேர்லேண்டுக்கும் போகிறது. வசந்தாமணி சந்தா கட்டியிருக்கிறாள். அவள் சமையல் குறிப்பு பார்ப்பாள், அவன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுத்து விடாமல் படிப்பான். அந்தப் பூட்டின் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. பூட்டு முப்பதடிப் பாறைக்குள் இருக்கும். சாவியைக் கதையோடு சேர்த்துக் கவரில் போட்டேன். கஸ்தூரிரங்கன் திருப்பிக் கொடுத்துவிட்டான். “சாவியெல்லாம் பிரிண்ட் பண்ண முடியாது அங்கிள்.” சரிதான். தனியாகப் பேர்லேண்டுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். பத்திரிகையும் சாவியும் ஒரே வாரத்தில் போய்ச் சேரும்.

படிக்கிறவர்களே, உங்களுக்கு வேலை சுலபம். இந்தக் கிழவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு செய்தால் போதும், செய்துமிருப்பீர்கள். போனை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் வேறொருவன்.

தம்பி, இதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விடு. இடம் வீணாகிறது என்று அங்கே இட்லி மாவு விளம்பரமோ வக்கீல் விளம்பரமோ போட்டுவிடாதே. அது செல்வராஜுடைய இடம். அவன் பதில் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அந்த இடத்தில் போடு. திட்டியிருந்தால் வெட்டாதே. எழுதவில்லை என்றால் அதையும் அப்படியே போடு, வெறுமையாக.

செல்வராஜு, வந்தாங்க. மூணு நாள் வந்தாங்க.